கார்டு எண் தெரிந்த ஒன்பது பேர்

1

இன்றோடு என் கடன் அட்டை எண்ணை யாரும் கேட்காமல் நாற்பது நாள் ஆகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றலாம். வங்கிக்கும் நல்ல செய்திதான். எனக்கு மட்டும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நான் மலேசியாவுக்கு வந்து பத்தொன்பது வருடம். ஈப்போ நகரத்தின் ஓரத்தில், குனோங் ராபாட் என்ற இடத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். இரும்புச் சாமான் கடையில் மேற்பார்வையாளர் வேலை. ஆணி, குழாய், பெயிண்ட், பூட்டு விற்கிறோம். பூட்டுப் பிரிவு என் பொறுப்பு. நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை தேடி வந்தவன் இல்லை. மாப்பிள்ளையாக வந்தவன். காளையார்கோவில் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குப் போன ஒரு குடும்பம், மூன்று தலைமுறை கழித்துச் சொந்தம் தேடி ஊருக்கு வந்தது. ஒரு வாரம் தங்கினார்கள், கிணற்றையும் கோயிலையும் படம் எடுத்துக்கொண்டார்கள், போகிறபோது எங்கள் வீட்டில் வெற்றிலைபாக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவது வழக்கம். நான் பெண்ணின் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். ஊரில் அதைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள் என்று கேள்வி.

2

மனைவி பெயர் வாசுகி. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். இந்த நாட்டில் என்னை வைத்திருப்பதற்கு அவள்தான் பொறுப்பு. குடிநுழைவு அலுவலகத்தில் ஒவ்வொரு முறை விசாவை நீட்டிக்கும்போதும் அவள் நேரில் வந்து, இவர் என் கணவர்தான், என்னோடுதான் இருக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை அதிகாரி மலாயில் ஏதோ கேட்டார். "இவள் என் மனைவி" என்று சொல்வதாக நினைத்து, மனப்பாடம் செய்திருந்த மலாய்ச் சொற்களைத் தமிழ் வரிசையில் அடுக்கினேன். அது "நான் மனைவி" என்று ஆகிவிட்டது. அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். வாசுகியின் கையெழுத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

அந்த அலுவலகத்துக்கு எங்களை ஒவ்வொரு முறையும் வேனில் கூட்டிப்போனவர் வாசுகியின் அண்ணன் குணசேகரன். நகராட்சி ஓரங்களில் புல் வெட்டும் குத்தகை எடுப்பவர். அன்றைய வேலையை விட்டுவிட்டு வருவார். எங்கள் எண் வரும்வரை நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, அவர் வெளியே போய் மூன்று பேருக்கும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து காத்திருப்பார். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். நிரந்தரவாசி என்று சொல்லும் சிவப்பு அடையாள அட்டை என் கைக்கு வரப் பன்னிரண்டு வருடம் ஆனது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் இன்றைக்கு முடியாது என்று சொன்னதில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். என் பெயர் ராமநாதன், அப்பா பெயர் கருப்பையா. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. அதனால் இந்த நாட்டின் அலுவலகங்கள் அனைத்திலும் நான் கருப்பையா. மருத்துவமனையில் கருப்பையாவுக்கு இரத்த அழுத்தம். தண்ணீர்க் கட்டணம் கருப்பையா கட்டுகிறார். அப்பா ஊரில் இறந்து பல வருடமாகிறது, ஈப்போவில் ஒழுங்காக வரி செலுத்திக்கொண்டிருக்கிறார். கடன் அட்டை வந்தபோது அதிலும் அவரே முன்னால் நின்றார்.

3

வாசுகியின் குடும்பம் கோலா கங்சார் போகும் வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயத்தில் இருந்தவர்கள். லயம் என்றால் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்காரர் தும்மினால் ஆறாவது வீட்டில் கேட்கும். தோட்டத்தை விற்று, ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, லயத்தையும் இடித்தபோது, அதிலிருந்த சில குடும்பங்கள் ஒன்றாகக் கிளம்பி வந்து குனோங் ராபாட்டில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வீடு பிடித்தன. கூரைதான் தனித்தனி ஆனது. பழக்கம் அப்படியே இருந்தது. லயத்தில் முதலில் குளிர்பெட்டி வாங்கிய வீட்டில் எல்லார் வீட்டு மீனும் இருந்ததாம். யார் மீன் எது என்று சண்டை வந்ததில்லையா என்று ஒருமுறை மச்சானிடம் கேட்டேன். "மீனு மீனுதான மாப்ளே, அதுல என்ன பேரா எழுதிருக்கு?" என்றார்.

நான் வளர்ந்த வீடு வேறு மாதிரி. நாங்கள் அண்ணன் தம்பி நான்கு பேர். நான்கு டிரங்குப் பெட்டி, நான்கு பூட்டு. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு குளிப்போம். பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. என் பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு டார்ச் லைட்டும் இருந்தன. டார்ச் லைட்டுக்குப் பேட்டரி கிடையாது. ஆனாலும் பூட்டுவேன்.

மச்சானுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் வங்கி அவருக்குக் கார்டு தரவில்லை. மற்றவர்கள் யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. ஆக, சொந்தக்காரர்களிலேயே சம்பளச் சீட்டும் துணிச்சலும் சேர்ந்து இருந்தவன் நான் ஒருவன்தான். கார்டு வந்த வாரமே அது குளிர்பெட்டி ஆகிவிட்டது. ரயில் டிக்கெட், பரீட்சைக் கட்டணம், இணையத்தில் வாங்கும் செருப்பு, பேரனுக்குப் பொம்மை, எல்லாவற்றுக்கும் என் எண். பணம் மட்டும் நான் கேட்பதற்கு முன்பே வீடு தேடி வந்துவிடும்.

எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டு என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆளுக்கு ஆள் அதைக் குறித்துவைத்துக்கொண்டார்கள். வாசுகியின் அக்கா அஞ்சலை அதைத் தன் அடுப்படிச் சுவரில், கேஸ்காரர் தொலைபேசி எண்ணுக்குக் கீழே, கறுப்பு மையில் எழுதிவைத்திருந்தார். பின்பக்கத்து மூன்று எண்ணையும் சேர்த்துத்தான். எழுத்து நன்றாக இருந்தது. அதன் கீழே கோடும் போட்டிருந்தார்.

முதலில், யாராவது வந்தால் நான் அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பழகிவிட்டது. பிறகு, உண்மையைச் சொன்னால், பெருமையாகவே இருந்தது. மாப்பிள்ளையாக வந்து மற்றவர் தயவில் பன்னிரண்டு வருடம் இருந்தவனிடம் கடைசியில் எல்லாருக்கும் தேவைப்படுகிற ஒரு பொருள் இருந்தது.

4

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கடையில் ஒரு சீனப் பெரியவர் கம்பிக்கதவுக்குப் பூட்டு பார்த்துக்கொண்டிருந்தார். எது நல்ல பூட்டு என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"ராமநாதண்ணே, நல்லா இருக்கீகளா?"

இந்த நாட்டில் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு எதுவாக இருந்தாலும் அது கருப்பையாவுக்குத்தான். என் பெயரை, அண்ணே என்று சேர்த்து, "இருக்கீகளா" என்று இழுத்து ஒருவன் சொல்லிக் கேட்டு எத்தனை வருடமாகிறது என்று எனக்கே தெரியவில்லை. இங்கே தமிழ் இருக்கிறது, மலாய்க்காரர் மாதிரி முடிவில் ஒரு 'லா' சேர்த்து நிறையவே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. பூட்டைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போனேன்.

"பேங்குல இருந்து பேசுறேண்ணே. உங்க கார்டுல எவனோ கை வைக்கப் பாக்குறாய்ங்க. பதறாதீக. நம்ம தடுத்துப்புடலாம்."

"தம்பி எந்தப் பக்கம்?" என்றேன். கார்டைப் பற்றி நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சிவகங்கைப் பக்கம்ணே. அண்ணனுக்கு?"

சொன்னேன். மழை உண்டா என்று கேட்டேன். போன வாரம் நல்ல மழை, கம்மாயெல்லாம் பெருகிவிட்டது என்றான். எனக்கு மனது நிறைந்துவிட்டது. (பிறகு ஊரில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு சொட்டு விழவில்லையாம்.)

கார்டின் முதல் சில எண்களை அவனே சொன்னான். மிச்சத்தைச் சரிபார்ப்பதற்காக என்னைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். பின்பக்கத்து மூன்று எண். சொன்னேன். "இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பரு வரும்ணே. அதச் சொன்னீகன்னா கார்டப் பூட்டிருவேன். இம்புட்டுத்தான்." வந்தது. இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அந்த வரிகளை விட்டுவிட்டு ஆறு எண்ணை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

கடைசியில் ஒன்று சொன்னான்: "இனிமே இந்த மாதிரி நம்பர ஆருக்கும் சொல்லாதீகண்ணே. காலம் கெட்டுக் கெடக்கு." அவன் சொன்ன அறிவுரையில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வந்து சீனப் பெரியவருக்கு மூன்று நெம்புகோல் வைத்த கனமான பூட்டை விற்றேன். ரசீது போடும்போது வங்கியிலிருந்து செய்தி வந்தது. இதுவரை போயிராத ஒரு ஊரில் நான் மூன்று விலையுயர்ந்த கைப்பேசிகள் வாங்கியிருந்தேன்.

5

வங்கியின் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். இளம்பெண் ஒருத்தி எடுத்தாள். மிஸ்டர் கருப்பையா என்றாள். கார்டை உடனே முடக்கினாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கேட்டாள்: இந்தக் கார்டின் எண் உங்களைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா?

இப்போதுதான் பத்து நிமிடத்துக்கு முன் ஒருவனுக்கு நானே சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான் பூட்டு விற்பவன். குடும்ப வாட்ஸப் குழுவில், மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள் என்று வாரம் ஒரு செய்தி அனுப்புகிறவனும் நான்தான். "குடும்பத்துல தெரியும்" என்றேன்.

எத்தனை பேர்?

எண்ணினேன். மச்சான் வீட்டில் நான்கு பேர். அஞ்சலை அக்கா வீட்டில் மூன்று பேர். லயத்தில் அடுத்த கதவாக இருந்த இருவர். ஒன்பது என்றேன். ஒன்பதா என்று திரும்பக் கேட்டாள். பிறகு, புகார்ப் படிவம் மின்னஞ்சலில் வரும், அந்த ஒன்பது பேரின் முழுப் பெயரையும் எழுதி, போலீசில் புகார் கொடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், விசாரிப்போம் என்றாள். ஆறு எண் ரகசியக் குறியீட்டை நீங்களே யாருக்காவது சொன்னீர்களா என்றும் கேட்டாள். சொல்லியிருந்தால் பணம் திரும்ப வருவது கஷ்டம் என்றாள். நான் இல்லை என்றேன்.

அன்று மாலை படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அண்ணி என்றும் அக்கா என்றும் கூப்பிட்டே பழகியதில் பாதிப் பேரின் முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. வாசுகியிடம் கேட்டேன். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எங்கண்ணன் பேரு எதுக்கு இதுல?"

"பேங்க்ல கேக்குறாங்க. நம்பர் தெரிஞ்சவங்க பேரு."

அவள் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பெயராக, தகப்பன் பெயரோடு சொன்னாள். நான் எழுதினேன். ஒன்பதாவது பெயர் முடிந்ததும், "வாசுகின்னும் ஒன்னு சேத்துக்குங்க. எனக்குந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

வாசுகி சொல்லிக் கேள்விப்பட்டு, மறுநாள் மச்சான் வந்தார். வழக்கமாகச் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும். அன்று வாசற்படியிலேயே நின்றுகொண்டு கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாத்துக்குங்க மாப்ளே. எல்லார் போன்லயும் அழிச்சாச்சு. நானே வூடு வூடா போயி நின்னு அழிக்க வெச்சேன். அஞ்சலை வூட்டுச் செவுத்துல இருந்ததுக்கும் வெள்ளை அடிச்சாச்சு."

"மச்சான், அதுக்காகச் சொல்லல..."

"தெரியும் லா. பேங்க்காரன் கேட்டா நீங்க என்ன செய்வீங்க. ஆனா ஒன்னு, நம்ம புள்ளைங்க யாரும் செஞ்சிருக்காதுங்க. போலீஸ் வந்து கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன்."

அவருக்காக எடுத்துவைத்த டீ உள்ளே மேசையில் ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை. பிறகு எனக்குத் தெரியவந்தது, அந்த வெள்ளை பெயிண்ட் டப்பாவை அவர் எங்கள் கடையில் வாங்கவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் கடையில் வாங்கியிருக்கிறார்.

6

போலீஸ் நிலையத்துக்கு மகள் யாழினியைக் கூட்டிப்போனேன். புகார் மலாயில் எழுத வேண்டும். என் மலாய் ஆணிக்கும் குழாய்க்கும் போதும். குற்றத்துக்குப் போதாது.

யாழினிக்குப் பதினேழு வயது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தாள், பிறகு இடைநிலைப் பள்ளி மலாயில். இப்போது தமிழை நான் கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும் வைத்திருக்கிறாள். காரில் காதில் எதையோ மாட்டிக்கொண்டுதான் வருவாள். நான் ஊரைப் பற்றி ஏதாவது சொன்னால் ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றுவாள். என் பாதிப் பேச்சு அவளுக்குக் கேட்கிறது என்று அதை எடுத்துக்கொள்வேன்.

சார்ஜன்ட் ஒரு மலாய்க்காரர், வயதானவர், இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். கார்டு எந்த வங்கி, எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டு எழுதினார். யாழினி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள். பிறகு அவர் ஒன்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பா, யார் மேலயாச்சும் சந்தேகமான்னு கேக்குறாரு. லிஸ்ட்ல உள்ளவங்க பேரச் சொல்லவா?"

என் கையில் படிவம் இருந்தது. முதல் பெயர் குணசேகரன். பள்ளிக்கூடத்தில் இவளை ஐந்து வருடம் வேனில் கொண்டுபோய் விட்டவர்.

"மாமா பேரையும் சொல்லணுமா பா?"

"வேணாம்" என்றேன். "நான்தான் சொன்னேன்னு சொல்லு. ஒருத்தன் போன் பண்ணான். எங்க ஊர் ஆளு மாதிரி பேசுனான். நம்பரு, அந்த ஆறு நம்பரு, எல்லாம் நானே சொன்னேன்."

யாழினி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாளாக வீட்டில் நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். அம்மா பேசாமல் இருந்தது, மாமா வாசலில் நின்றது எல்லாம். நான் படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பெற்ற மகள் முன்னால் திருடனாக நிற்பதைவிட முட்டாளாக நிற்பது கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அவள் சார்ஜன்ட் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். நான் சொன்னதைவிட ரொம்ப நேரம் பேசினாள். எனக்கு அதில் இரண்டு சொல்தான் பிடிபட்டது. ஒன்று "பாப்பா", அப்பா என்று அர்த்தம். இன்னொன்று "ரிண்டு". பிரிந்திருக்கிறவர்களை நினைத்து ஏங்குவதற்கு மலாயில் சொல்கிற சொல். சார்ஜன்ட் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அந்தச் சொல்லைப் புகாரில் எழுதினாரா என்று தெரியவில்லை. நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், போகட்டும் விடுங்கள் என்று எனக்குப் புரிகிற மலாயில் மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது காரில் அவள் காதில் எதையும் மாட்டவில்லை. வீட்டுத் தெரு வந்ததும், "மாமாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

7

முதலில் வாசுகியிடம் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "போயி அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

மச்சான் வீட்டு முன்னால் புல்வெட்டும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நானே எண்ணைச் சொன்னது, வங்கியில் மறைத்தது, அவர் பெயரை முதலாவதாக எழுதியது. மன்னித்துவிடுங்கள் மச்சான் என்றேன். குழாயை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"பரவால மாப்ளே. யாருக்கும் நடக்கும் லா" என்றார். பிறகு, "உள்ள வாங்க. டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் டீ குடிக்கிறீங்களா என்று கேட்டதில்லை. டீ வரும், குடிப்பேன். விருந்தாளியிடம்தான் கேட்பார்கள். குடிக்கிறேன் என்றேன். சீனி எவ்வளவு என்றும் கேட்டார்கள்.

அஞ்சலை அக்கா இன்னும் நேராகப் பேசினார். "எஞ் செவுரு இப்ப ஒரு எடத்துல மட்டும் வெள்ளையா இருக்கு தம்பி. சோறு வடிக்கிறப்பல்லாம் ஒங்க நெனப்புத்தான்."

குறியீட்டை நீங்களே சொல்லியிருப்பதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று வங்கி மிஸ்டர் கருப்பையாவுக்குக் கடிதம் எழுதியது. புது அட்டையும் அனுப்பியது. அட்டை வந்ததை எல்லாரிடமும் சொன்னேன். நல்லது என்றார்கள். மச்சான் ரயில் நிலையம் வரை போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க ஆரம்பித்தார். அக்கா பேரனுக்குச் செருப்பைக் கடையிலேயே வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிச் சாப்பிட்டோம், சிரித்தோம். எண்ணை மட்டும் யாரும் கேட்கவில்லை. இதற்கு நான் யாரிடம் புகார் கொடுப்பது?

8

ஊரிலும் இப்போது எல்லார் கையிலும் கார்டு இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். ஆகவே, செலவழித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வங்கி எந்தக் காலத்திலும் அந்த ஆறு எண்ணை உங்களிடம் கேட்காது. கேட்கிறவன் வங்கி இல்லை. அவன் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் இல்லை. சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணை நீங்களாகக் கூப்பிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்துக்கொள்வான் என்று தயங்காதீர்கள், வங்கிக்காரனாக இருந்தால் சந்தோஷப்படுவான். ஒவ்வொரு முறை கார்டைப் பயன்படுத்தும்போதும் செய்தி வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் செலவழிப்பதற்கான உச்சவரம்பைக் குறைத்துவையுங்கள். வெளிநாட்டுச் செலவு தேவையில்லையென்றால் அதை மூடிவிடுங்கள். தப்பு நடந்துவிட்டால் முதல் வேலையாகக் கார்டை முடக்குங்கள், அடுத்த வேலையாக உண்மையைச் சொல்லுங்கள். இரண்டாவதை நான் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். திருட்டில் பணம் மட்டும்தான் போனது.

எண்ணைக் குடும்பத்தாரிடமும் பகிராதீர்கள் என்று வங்கி சொல்கிறது. அதுவும் சரிதான். அந்த விதியை எழுதியவர் லயத்தில் இருந்தவர் இல்லை, அவ்வளவுதான்.

9

மேலே உள்ளதை எழுதி வைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, லுங்கியோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மச்சானிடமிருந்து அழைப்பு.

"மாப்ளே, தீவாளிக்குக் கூடுதல் ரயில் வுட்டிருக்கான். ஆன்லைன்ல மட்டுந்தான். பெரியவளுக்கு ஒரு சீட்டு புடிச்சு வெச்சிட்டோம். பத்து நிமிசத்துல காசு கட்டலன்னா போயிரும் லா."

மச்சானின் மூத்த மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். டிக்கெட் கிடைக்காததால் போன தீபாவளிக்கு அவளால் வர முடியவில்லை.

"நம்பர் சொல்றேன் மச்சான், எழுதிக்குங்க" என்றேன்.

"போன்ல சொல்லாதீங்க!" என்று கத்தினார். "நீங்களே வந்து அடிங்க. சீக்கிரம் வாங்க."

"வாரேன் லா" என்றேன். அந்த 'லா' இங்கே வந்து கற்றுக்கொண்டது. கார்டையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு லுங்கியை மடித்துக் கட்டியபடி மூன்று தெரு ஓடினேன். என் வயதில் மூன்று தெரு என்பது அதிகம். போய்ச் சேர்ந்தபோது ஆறு நிமிடம் மிச்சமிருந்தது.

கூடத்தில் கணினி திறந்திருந்தது. மச்சான், அண்ணி, சின்னவள், அஞ்சலை அக்கா, அவர் மகன் எல்லாரும் இருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், யாரும் யாருக்கும் சொல்லாமலே, எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு மற்றவர்கள் தருகிற மரியாதை அது. அஞ்சலை அக்கா கண்ணையும் மூடிக்கொண்டார். முதுகு திரும்பிய பிறகு கண்ணை எதற்கு மூடினார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஐந்து நிமிடம்தான் இருந்தது, அதனால் அழவில்லை.

பழைய எண் எனக்கு மனப்பாடம். இந்தப் புது அட்டையை நான் உறையிலிருந்து எடுத்ததே அன்றைக்குத்தான். முன்பக்கத்து எண்கள் பெரியவை, தூரமாகப் பிடித்து ஒருவழியாக அடித்துவிட்டேன். திருப்பினேன். பின்பக்கத்து மூன்று எண்ணும் மூன்று எறும்பு அளவுக்குத்தான் இருந்தன. படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறேன். கையை நீட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மூன்றா, எட்டா, ஒன்றும் தெரியவில்லை. நான்கு நிமிடம்.

"மச்சான்" என்றேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"இல்ல. கண்ணு தெரியல. இதக் கொஞ்சம் படிங்க."

அவர் திரும்பவில்லை. "வேணாம் மாப்ளே. பேங்க்ல கேட்டா?"

"கேட்டா ஒங்க பேரத்தான் சொல்வேன். வந்து படிங்க மச்சான்."

அண்ணி அவரை முழங்கையால் இடித்தார். பிறகு அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து கார்டை வாங்கி, சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். மச்சான் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், வாழ்நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசியவர். மெதுவாகப் படிக்க அவருக்குத் தெரியாது. மூன்று எண்ணையும் ஒவ்வொன்றாக, அந்த வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.